சீனி பார்த்தது

பொட்டை அழிக்க வந்த பெண்களை இருளாயி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். சீனி வரட்டும், அவன் வாயால் கேட்டுக்கொள்கிறேன், அப்புறம் அழிக்கலாம் என்றாள்.

சயாமில் ரயில் பாதை போடுவதற்காக ஜப்பான்காரன் மலாயாவில் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்களை அள்ளிப்போய் ஒன்றரை வருஷமாகிறது. இந்த லயத்து வீடுகளிலிருந்து போன பதினேழு பேரில் சீனி ஒருவன்தான் திரும்பியிருந்தான். முந்தின நாள் வந்து சேர்ந்தவன், இருளாயியின் புருஷன் ஐயாவு செத்துப்போனதாக மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான்.

இரண்டு பேர் அவனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். இடுப்பில் சாக்குத் துணி, அதற்கு மேலே வெறும் எலும்பு. இருளாயிக்கு எதிரே உட்காராமல் ஓரமாகப் படியில் உட்கார்ந்தான்.

இருளாயி தோட்டத்து ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் ஆயா வேலை பார்த்தவள். நோயாளி சொல்வதில் அவன் கண்டது எது, பயத்தில் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துக் கேட்பது அவளுக்குப் பழக்கம். அழாமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

ஐயாவு காலராவில் விழுந்ததை சீனி பார்த்தானா? பார்த்தான், பக்கத்துப் பாயில்தான் படுத்திருந்தார். நோயாளிகள் கொட்டகைக்கு அவரைத் தூக்கிப்போனதையும் பார்த்தான். செத்துவிட்டார் என்று சொன்னது யார்? முகாமில் எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கொட்டகைக்குள் போனவர் யாரும் திரும்பியதில்லை.

“பொணத்தப் பாத்தியா தம்பி?”

சீனி தரையைப் பார்த்தான். “பொணமா பாக்கலக்கா.”

இருளாயி பெண்கள் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா? காலரா வந்துச்சு, தூக்கிட்டுப் போனாங்க. இவன் கண்ணால கண்டது அவ்வளவுதான். மத்ததெல்லாம் ஆளாளுக்குப் பேசினது. காலரா வந்து பொழச்சவங்கள நானே ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன்லா.”

ஆறு மாதத்துக்கு முன், வேறு தோட்டத்து ஆள் கொண்டுவந்த சேதியைக் கேட்டுத் தாலியைக் கழற்றிய செல்லாயி மெல்ல முன்னால் வந்தாள். என் புருஷனையும் யாரும் பார்க்கவில்லையே என்றாள்.

பெண்கள் கலைந்து போனார்கள். இருளாயி உள்ளே போய், அவித்த மரவள்ளிக்கிழங்கில் தன் பங்கை எடுத்துவந்து சீனியிடம் கொடுத்தாள். நாளைக்கே ஈப்போவுக்குப் போய் ஜப்பான் ஆபீஸில் பேர் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். சயாம் முகாம்களுக்கு ஆயா வேலைக்குப் பெண்களையும் எடுக்கிறார்களாம். தன் பிள்ளைகள் இரண்டையும் செல்லாயி பார்த்துக்கொள்வாள்.

சீனி பதறிப்போனான். வேண்டாம், அங்கே போனால் நீங்களும் திரும்ப மாட்டீர்கள் என்று கெஞ்சினான்.

“நீ திரும்பிட்டேல்ல? உசிரோட இருக்கிற மனுசன அங்க விட்டுட்டு நான் இங்க என்னா செய்யிறது?”

கிழங்கை அவன் கீழே வைத்தான்.

“முதுகுல துப்பாக்கிய வச்சிருந்தாங்கக்கா. குழியில மண்ணத் தள்ளினது நாந்தான். அப்ப ஐயாவு அண்ணே உள்ளேர்ந்து என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு.”