கம்பத்தடிப் பழக்கம்

நாலு பேரைத் தெரிந்து வைத்திருந்தால்தான் புதுத் தெருவில் காலம் தள்ள முடியும் என்று செவலை நாய்க்குப் பட்டது. கறிக்கடை வாசலில் எதிர்ப்பட்ட நாய்க்கெல்லாம் வாலாட்டியது. தெருமுக்கு மின்கம்பத்தில் தினமும் காலைத் தூக்கித் தன் வாசனையை விட்டுவைத்தது. மோந்து பார்த்த நாய்களும் பதிலுக்குத் தங்கள் வாசனையை விட்டுப் போயின. தெருவே தன் பக்கம் என்று செவலை பூரித்துப்போனது.

ஒரு மத்தியானம் லாரி ஏறிச் செவலையின் பின்னங்கால்கள் நசுங்கின. கம்பத்தடியிலேயே கிடந்து முனகியது.

கறிக்கடை நாய் கருப்பன் வந்து, செவலையைத் தாண்டிப் போய்க் கம்பத்தை மோந்தது.

"கருப்பண்ணே, இங்க கிடக்கேன். நிழலுக்கு இழுத்து விடுங்கண்ணே."

"அடடா, தம்பியா! கம்பத்துல ஒண்ணுமே போடலையேப்பா? போட்டிருந்தா தெருவே ஓடி வந்திருக்குமே!"

உருகிப்போன கருப்பன், காலைத் தூக்கிக் கம்பத்தில் தன் அனுதாபத்தைப் போட்டுவிட்டு நடந்தது.

அது மெல்ல வழிந்து இறங்கி, செவலையின் மூக்கடிக்கு வந்து சேர்ந்தது.