நல்ல சேதி மட்டும்

ஞாயிறு காலை வழக்கம்போல எம்.எல்.ஏ. போனில் வந்து வாரச் செய்தி சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லித்தான் பேசுவார்.

"திலகவதிம்மா, நம்ம ரயில் பாதைக்கு டெல்லியில ஒப்புதல் கிடைச்சாச்சு. ஏரியும் நெறஞ்சு பார்க்கவே அழகா இருக்கு. நிம்மதியா இருங்க."

வாசலில் லாரிச் சத்தம். எதிர்வீட்டு ஷகிலா பீரோவையும் மெத்தையையும் ஏற்றிக்கொண்டிருந்தாள். தெருவே காலியாகிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் எங்கடி கெளம்பிட்டீங்க?"

"எம்.எல்.ஏ. காலையிலயே சொன்னாரேக்கா, ஏரிக்கரை..."

ஷகிலாவின் கண் திலகவதியின் மணிக்கட்டில் போய் நின்றது. போன மாதம் நெஞ்சுவலி வந்தபோது இதயத் துடிப்பைக் கண்காணிக்க ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பட்டை அது; துடிப்பு ஏறி, சிவப்பாக மின்னத் தொடங்கியிருந்தது. இதய நோயாளிகளிடம் கெட்ட சேதி சொன்னால் இப்போதெல்லாம் ஜெயில்தான்.

"ஒண்ணுமில்லக்கா. கல்யாணத்துக்குப் போறோம்."

"பீரோவைத் தூக்கிக்கிட்டா?"

ஷகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். லாரி நகர்ந்தது.

திலகவதி உள்ளே ஓடிப் போனை எடுத்தாள். எம்.எல்.ஏ. நம்பரை அழுத்தினாள்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. ஏரி ஒடைஞ்சிருச்சா?"

வாசற்படியைத் தாண்டி வந்த தண்ணீர் அவள் பாதத்தை நனைத்தது.

எம்.எல்.ஏ. கனிவாகச் சிரித்தார்.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்கம்மா. படபடப்பு அடங்கட்டும், சொல்றேன்."