பக்கத்துக் கார்

நீலக் காரில் அந்தப் பெண்மணியின் இருக்கை இன்றைக்கும் காலியாக இருந்தது.

எல்ஸ்பெத் தன் காரைக் கடலைப் பார்த்து நிறுத்தினாள். நல்ல மழை. ஸ்காட்லாந்தின் ட்ரூன் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை உல்லாசம் என்றால் இதுதான்: கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்து, கண்ணாடியில் ஆவி படிந்து கடல் மறைந்ததும் வீட்டுக்குத் திரும்புவது. வெயிலடித்தால்தான் ஊருக்குச் சந்தேகம் வரும்.

கணவன் டங்கன் இருந்தவரை இருவராக வந்தார்கள். அவன் போன பிறகு அவள் மட்டும் வருகிறாள். அவனுடைய தொப்பி இன்னும் பக்கத்து இருக்கையில்தான் கிடக்கிறது.

இந்த நீலக் கார் முன்பெல்லாம் அந்தக் கோடியில், ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நிற்கும். ஒன்றிரண்டு வருஷமாக இவள் எங்கே நிறுத்தினாலும் அருகில் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனை இடம் கிடக்கும்போது தோளோடு உரசுவானேன் என்று அவளுக்கு எரிச்சல். ஆனாலும் தலையசைப்பாள், அதிலிருக்கும் தம்பதியும் அசைப்பார்கள். பெயர் கேட்பதெல்லாம் இங்கே வழக்கமில்லை. அடுத்தவர் அலமாரியைத் திறந்து பார்ப்பது மாதிரி அது.

போன வாரம் அந்த மனிதர் மட்டும் தனியாக இருந்தார். கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்படிப் பார்ப்பது எதற்கென்று எல்ஸ்பெத்துக்குத் தெரியும்.

நாத்தனாருக்குப் போன் செய்தாள். துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாதே, மரியாதையாக ஒதுங்கி இரு என்றாள் நாத்தனார். அந்த மரியாதையை எல்ஸ்பெத் பார்த்திருக்கிறாள். டங்கன் போனபோது ஊரே அவளிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டது. ஒருவரும் கிட்டே வரவில்லை.

அதனால்தான் நேற்று இஞ்சிக் கேக் சுட்டாள். அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இப்போது வெகுநேரமாகக் கதவின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மழையில் இறங்கி, நீலக் காரின் கண்ணாடியைத் தட்டினாள்.

அவர் திடுக்கிட்டு, எட்டிக் கதவைத் திறந்துவிட்டார். இருக்கையில் பெரிய துண்டு ஒன்று மடித்துக் கிடந்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலடியில் பெண்கள் போடும் காலணி ஒரு ஜோடி, உள்ளே கம்பளிக் காலுறைகள் சுருட்டி வைத்தபடி.

பாவம், இன்னும் எடுத்து வைக்க மனம் வரவில்லை. எல்ஸ்பெத் அதில் படாமல் காலை ஒதுக்கிக்கொண்டாள்.

"மழை விடற மாதிரி தெரியல," என்றாள்.

"சாயங்காலம் விட்டுடும்னாங்க," என்றார் அவர், கடலைப் பார்த்தபடியே.

மழையைப் பற்றிப் பேச இருந்ததெல்லாம் தீர்ந்தது. கேக்கை வெட்டிக் கொடுத்தாள். அவர் ஒரு துண்டு தின்றார், இன்னொன்றும் தின்றார். பசியோடு தின்பதைப் பார்த்து, வீட்டில் சமைக்க ஆளில்லையே என்று அவள் மனம் இன்னும் இளகியது. இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள்.

"என் வீட்டுக்காரர் போனப்ப, யாராவது வந்து கண்ணாடியைத் தட்ட மாட்டாங்களான்னு இங்கேயே உக்காந்திருப்பேன். ஒருத்தரும் தட்டல. உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னுதான் வந்தேன்."

அவர் மெல்வதை நிறுத்தினார். முதன்முறையாகக் கடலை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் பின்கதவு திறந்தது. குளிர்காற்றோடு, நீச்சல் உடையும் கம்பளிக் குல்லாவுமாக, சுட்ட நண்டு போலச் சிவந்த ஒரு பெண்மணி சொட்டச் சொட்ட உள்ளே விழுந்தாள்.

"ஏங்க, நான் முங்கிட்டேனா மிதக்கறேனான்னு பாக்கத்தானே உங்களை உக்கார வச்சேன்? பார்ட்டி நடத்திக்கிட்டிருக்கீங்க?" என்றவள், எல்ஸ்பெத்தைப் பார்த்து நடுங்கும் கையை நீட்டினாள். "அந்தத் துண்டு என்னுதும்மா."

எல்ஸ்பெத் துண்டைக் கொடுத்தாள். முகம் எரிந்தது. ரெண்டு வாரமா உங்களைக் காணலையே, அதனால, நான் வந்து, என்று ஏதேதோ சொல்லித் தடுமாறினாள். அந்தப் பெண்மணி கேக்கைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"எனக்குக் கருமாதிக் கேக்கா இது?"

"அருமையா இருக்கு மெய்ரி," என்றார் அவர். "நீ வாராவாரம் நீந்தப் போ."

மெய்ரி கார் குலுங்கச் சிரித்தாள். இந்த வயதில் பனிக்கடலில் இறங்குவது இப்போது பெண்களுக்கெல்லாம் ஒரு பித்து என்றும், தனக்கு அது பிடித்து இது இரண்டாவது வாரம் என்றும் சொன்னாள். எல்ஸ்பெத் கதவுப் பிடியைத் தேடினாள். இனி இந்தக் கடற்கரைப் பக்கமே வர முடியாது.

"மெய்ரி," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "அவங்க வீட்டுக்காரர் போனப்ப ஒருத்தர்கூட வந்து கண்ணாடியைத் தட்டலையாம்."

சிரிப்பு நின்றது. பனிக்கட்டி மாதிரி ஒரு கை பின்னாலிருந்து வந்து எல்ஸ்பெத்தின் தோளைப் பிடித்துக்கொண்டது.

"தட்டத் தைரியம் வரலம்மா. அதான் பக்கத்துலயே வந்து நிறுத்தினோம்."