பச்சை எரிந்த பிறகு

அவர் இன்னும் அமுக்கவில்லை. விரலைப் பொத்தானுக்கு அருகே வைத்துக்கொண்டு நின்றார்.

இடுப்பளவு உயரக் கம்பம். அதன் தலையில் இரண்டு விளக்குகள். ஒன்று பச்சை, மற்றது சிவப்பு. கீழே ஒரு பொத்தான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. எல்லை ஆற்றின் பாலத்தைத் தாண்டி மெக்சிகோவுக்குள் வருகிறவர் அதை அமுக்க வேண்டும். பச்சை எரிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். சிவப்பு எரிந்தால் பெட்டி சோதனை மேசைக்கு வர வேண்டும். ஒரே குடும்பம் என்றால் ஒருவர் அமுக்கினால் போதும்.

உள்ளே ஒரு சிறு மின்சுற்று ஓயாமல் எண்களை உருட்டிக்கொண்டிருக்கும். விரல் அழுந்தும் கணத்தில் எந்த எண் அகப்படுகிறதோ, அதற்குரிய விளக்கு எரியும். எது எரியும் என்று அமுக்குகிறவருக்கும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் அதிகாரிக்கும் தெரியாது.

அதற்குக் கண் இல்லை. அதனால்தான் அவருக்கு அதைப் பிடித்திருந்தது.

கனடாவின் ஸ்காபுரோவிலிருந்து பேருந்து மாறி மாறி வந்த வழியெல்லாம் மனைவிக்கு இதையே சொல்லிக்கொண்டு வந்தார். விமானத்துக்குக் கட்டுப்படியாகாது. பனிக்காலத்தில் அவளுடைய முழங்கால் ஒத்துழைக்காது. கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளி, அடுப்போடு ஓர் அறை பேசியிருந்தார்கள். அங்கே மூன்று மாதமும் வெயில். போய்ச் சேர்ந்தால் போதும்.

"உங்கட கைராசி எனக்குத் தெரியும். விடுங்கோ, நான் அமத்துறன்," என்றாள் பரிமளம்.

"ஓம், லொத்தர் விழுந்த கை உம்மட கை. பேசாம நில்லும்."

அமுக்கினார்.

பச்சை.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் போன செம்பட்டைத் தலை மனிதருக்கும் இதே பச்சைதான் எரிந்தது. அந்த மனிதர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டியின் பிடியில் கை வைத்தார்.

"ஐயா, இந்தப் பக்கம்."

இளம் அதிகாரி. நல்ல ஆங்கிலம். கை மேசையைக் காட்டியது.

அவர் விளக்கைக் காட்டினார்.

"பார்த்தேன். இது வேறு. ஆளைப் பார்க்காமல், எழுமாறாக எடுக்கிறோம்."

எழுமாறாக.

விமான நிலையங்களில் எழுமாறாக வரிசையிலிருந்து விலக்கப்பட்டவர் அவர். எழுமாறாகச் சப்பாத்தைக் கழற்றியவர். எழுமாறாகக் கைகளை விரித்துக்கொண்டு நின்றவர். எழுமாறு என்பது எப்படி ஒவ்வொரு தடவையும் தன் தோலின் நிறத்திலேயே வந்து விழுகிறது என்று இதுவரை யாரும் அவருக்கு விளக்கியதில்லை.

எழுமாறு இப்போதுதான் நடந்து முடிந்தது. இயந்திரம் தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மனிதன் வரிசையைப் பார்த்து, ஒவ்வொரு முகமாகக் கடந்து, ஒரு முகத்தில் வந்து நின்றால் அது எழுமாறு அல்ல. பொறுக்கி எடுப்பது.

இதை அவர் அந்த இளைஞனுக்குச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பொத்தான் எதற்கு என்று சொன்னார். உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னார். பச்சைக்கு மதிப்பில்லை என்றால் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் போடலாம் என்றும் சொன்னார்.

அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டியை அவனே தூக்கி மேசையில் வைத்தான்.

"திறவுங்கள்."

வெளியே பேருந்து ஹாரன் அடித்தது.

பேருந்துக்கும் ஒரு நடைமுறை இருந்தது. ஓட்டுநர் கண்ணாடிக்கு வெளியே, தன் இருக்கையில் இருந்தபடியே விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிவப்பு விழுந்தவர்களை மட்டும் எண்ணி வைத்துக்கொள்வார். அவர்கள் வரும்வரை காத்திருப்பார். பச்சை விழுந்தவர் நேரே வந்து ஏறிவிடுவார் என்பது ஏற்பாடு. இன்று இதுவரை சிவப்பு யாருக்கும் விழவில்லை. அவருடைய பச்சையை ஓட்டுநரும் பார்த்திருந்தார்.

சிவப்பு விழுந்திருந்தால் அவருக்காகப் பேருந்து நின்றிருக்கும்.

"இஞ்சாருங்கோ, பஸ் வெளிக்கிடப் போகுது. காட்டிப்போட்டுப் போவம்."

பரிமளத்துக்கு இது கைவந்த வேலை. கேட்கும் முன்பே திறப்பாள். மேலே துணி, கீழே மிளகாய்த்தூள் பொதி. எந்தக் கையும் துழாவ அவசியம் இல்லாதபடி அடுக்கியிருப்பாள். சிரித்துக்கொண்டே காட்டுவாள். விட்டுவிடுவார்கள். ஊரில், போர்க்காலத்தில், துவக்கு ஏந்தியவர்கள் நின்ற சாவடிகளில், அவள் இளமையிலேயே பழகிக்கொண்டது அது.

இப்போதும் அவள் விரல் ஸிப்பில் இருந்தது.

அவர் அவளைத் தடுக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னதையே உதடு மட்டும் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

வரிசையில் கடைசியாக நின்ற பெண் வந்து அமுக்கினாள். பச்சை. இரண்டு பெரிய பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனாள். அதிகாரி அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தான். நல்ல நாளாக அமையட்டும் என்றான்.

பரிமளம் அந்தப் பெண் கதவைத் தாண்டிப் போகும்வரை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

பேருந்தின் கதவு மூடும் சத்தம் கேட்டது.

ஸிப்பிலிருந்து கையை எடுத்தாள். பெட்டியை மேசையிலிருந்து இழுத்துத் தரையில் படுக்கப் போட்டாள். மெதுவாக அதன் மேல் உட்கார்ந்தாள்.

"தம்பிக்கு விளங்கேல்லைப் போல," என்றாள். "முதலிலயிருந்து வடிவாச் சொல்லுங்கோ."