முப்பது ஆடுகளுக்கு மேல்

"எட்டு மணி வரைக்கும் டைம் தரேன், ரீகனி. முப்பதுக்கு மேல இருக்கிற ஆட்டையெல்லாம் நீயே வெட்டிடு. இல்லன்னா நான் வெட்டுவேன்."

ஸ்டெர்யோஸ் ஹெட்போன் மைக்கில் கறாராகச் சொன்னான்.

"வெட்ட மாட்டேன்," என்றது பெண் குரல்.

"நான் ஒரு வரி டைப் பண்ணா போதும். உன் பட்டியே காலி."

"தெரியும். அதான் பட்டிக்குள்ளயே நிக்கிறேன்."

அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. மரம், மலை, ஆடு, ஆள் எல்லாமே சதுரக் கட்டைகளால் ஆன உலகம். கிரீஸின் தெசலி பக்கத்து இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து விளையாட, அதற்கான சர்வர் ஏதென்ஸில் ஸ்டெர்யோஸின் அறையில் ஓடியது. யாரும் யாரிடமும் நிஜப் பெயர் கேட்பதில்லை. அங்கே அவன் கொராக்காஸ். அவள் ரீகனி.

கோதுமையைக் காட்டினால் ஆடுகள் பின்னால் வரும், ஜோடி சேரும், குட்டி பிறக்கும். மற்றவர்கள் வளர்ப்பார்கள், வெட்டுவார்கள், சுட்டுத் தின்பார்கள். ரீகனி வளர்த்தாள், அவ்வளவுதான். இப்போது அவள் பட்டியில் கால் வைக்க இடமில்லை. ஒரே இடத்தில் அடைந்த அத்தனை ஆடுகளின் பாரம் தாங்காமல் சர்வர் திக்கித் திணறியது. அதனால் ஆளுக்கு முப்பது ஆடுதான் என்று ஸ்டெர்யோஸ் விதி போட்டிருந்தான்.

"ஏம்மா ரீகனி," என்று நடுவில் புகுந்தான் டெல்ஃபினி என்ற பெயரில் விளையாடுபவன். "நேத்து கேம் சிக்கி நின்னதுல நான் எரிமலைக் குழம்புல விழுந்தேன். வைரக் கவசம், வைர வாள், அத்தனையும் போச்சு. உன் ஆடா வந்து வாங்கித் தரும்?"

"ஸாரி. வைரம் தோண்டித் தரேன்."

"அதெல்லாம் வேணாம். ஈஸ்டர் வருது, ரெண்டைக் கம்பியில கோத்துச் சுடு. மன்னிச்சுடறேன்."

"ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கோங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டேனே. வெட்ட மாட்டேன்னு ஒருத்தராவது வாக்குக் குடுத்தீங்களா?"

"ஆடுன்னா வெட்டத்தானே!" டெல்ஃபினி சிரித்தான்.

ஸ்டெர்யோஸ் சிரிக்கவில்லை.

"இங்க பாரு, ரீகனி. ஊர்ல எங்கப்பா நிஜ ஆடே வெச்சிருந்தார். ஜனவரியில ஆட்டம்மை வந்துச்சு. நோய் வந்தது ரெண்டு மூணுக்குத்தான். பரவிடும்னு மொத்த மந்தையையும் ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க. ஒரு டாக்டர் பொண்ணு வந்தாளாம். வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி. அப்பா கெஞ்சியிருக்கார். 'எல்லாருக்கும் நல்லதுக்குத்தான், அரசாங்க விதி இது'ன்னாளாம். அப்புறம் வாயே திறக்கல. மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டுப் போயிட்டா, கல்நெஞ்சக்காரி. அதையே எங்கப்பா தாங்கிக்கிட்டார். நீ என்னடான்னா பொம்மை ஆட்டுக்கு அடம்பிடிக்கிற. எல்லாருக்கும் நல்லதுக்குத்தான் சொல்றேன். விதின்னா விதி."

ரீகனியின் குரல் மெதுவாகக் கேட்டது.

"தூரத்துல இருந்து டைப் பண்ணாத, கொராக்காஸ். பட்டிக்கு வா. ஒரு தடவை பாத்துட்டு, அப்புறம் எதுவா இருந்தாலும் பண்ணு."

போனான். வேலியை நெருங்கியதும் நின்றுவிட்டான்.

ஒவ்வொரு ஆட்டின் தலைக்கு மேலும் ஒரு பெயர் மிதந்தது.

அந்த உலகத்தில் பெயர்ச்சீட்டு சும்மா கிடைக்காது. மணிக்கணக்கில் தூண்டில் போட்டால், மீன்களுக்கு நடுவே எப்போதாவது ஒன்று மாட்டும். இவள் தினமும் ஏரிக்கரையில் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று எல்லாரும் கிண்டல் செய்தது நினைவுக்கு வந்தது.

'கறுப்பழகி'. 'மந்திரி'. 'வேலிதாண்டி'.

அவற்றுக்குப் பின்னால் ஒரு கொழுத்த ஆடு. அதன் தலைக்கு மேல்: 'ஸ்டெர்யோஸின் மாமியார்'.

அப்பா வைத்த பெயர். "உனக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் இவதான்டா உன் மாமியார்" என்று, ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"இந்தப் பேரு..." ஸ்டெர்யோஸ் மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தான். "இந்தப் பேரு உனக்கு எங்க கிடைச்சது?"

"ஒரு பெரியவர் சொன்னார். நான் ஊசி போடப் போட, ஒவ்வொண்ணையும் தடவிக் குடுத்து, பேர் சொல்லி அனுப்பி வெச்சார். எங்க ஆபீஸ்ல எத்தனைன்னு மட்டும்தான் கேட்டாங்க. பேரை யாருமே கேக்கல."

அவன் ஒவ்வொரு பெயராக மறுபடி படித்தான்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை ஆறுதலா பேசியிருக்கலாமே?"

"பேசியிருந்தா அழுதிருப்பேன். அழுதா கண்ணாடி மங்கிடும். ஊசி இடம் தப்பினா ஆடு துடிக்கும்."

"கொராக்காஸ், எட்டாயிடுச்சு!" டெல்ஃபினி கத்தினான். "என்னப்பா பேச்சு? அடிச்சுத் தள்ளு!"

ஸ்டெர்யோஸ் ஒரு கோதுமைக் கதிரைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிக் கதவருகே போய் நின்றான்.

"கதவைத் திற, ரீகனி. விதிப்படி நானும் முப்பது ஆடு வெச்சுக்கலாம். வெட்ட மாட்டேன், இது வாக்கு. முதல்ல என் மாமியாரை அனுப்பு. அந்த ஸ்டெர்யோஸ் நான்தான்."