வெறுந்தூளி

ரோடு இல்லாத மலை இருளர் ஊர் அது. தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மழையில், பிரசவ வலி கண்ட ரங்கியை மூங்கிலில் கட்டிய கம்பளித் தூளியில் கிடத்தி, நான்கு பேர் மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தார்கள். இறங்கவே ஒரு பகல் ஆயிற்று. தாயும் பிள்ளையும் பிழைக்கவில்லை. கீழேயே அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் காலை, வெறும் தூளியை அவள் தம்பி வெள்ளையன் தனியாகவே தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். இரண்டாவது வளைவில் நின்றுவிட்டான்.

“மச்சான், ஒரு கை புடிங்க. கனக்குதுங்க.”

ரங்கியின் புருஷன் நஞ்சன் மறுமுனையைத் தோளில் வாங்கினான். மூங்கில் வளைந்திருந்தது. கம்பளி தாழத் தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த ஏற்றத்தில் சுமந்து வந்தவர்களில் மற்ற இருவரும் வந்து தோள் கொடுத்தார்கள். பாறை வழுக்கிய இடங்களில், யாரும் சொல்லாமலே எல்லோரும் நடையைக் குறைத்தார்கள்.

பொழுது சாயுமுன் ஊர் வந்தது. குடிசை வாசலில் ரங்கியின் அப்பன் நின்றிருந்தார்.

“எறக்குங்க மாப்ள.”

மூவரும் குனிந்தார்கள். நஞ்சன் குனியவில்லை.

“எறக்குனா லேசாயிருமுங்க மாமா,” என்றான். “ஊரை ஒருக்காச் சுத்திப்போட்டு வந்தர்றோம்.”

மூவரும் நிமிர்ந்தார்கள். கிழவர் முன்னால் போய், வழியில் கிடந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கினார்.