ஓடுகிற காரில் எடுத்த படம்

“மெதுவா போ. ஆனா நிறுத்திடாதே,” என்றாள் ஸ்லாத்தினா, கார் ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டியபடி.

சனிக்கிழமையானால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் இதுதான் வேலை. ஓக்னியான் ஓட்டுவான், அவள் படம் எடுப்பாள். பல்கேரியாவின் துத்ரகானில் பிறந்து ஜெர்மனி, ஸ்பெயின் என்று பிழைக்கப் போனவர்கள் பார்க்க ஒரு போன் குழு நடத்துகிறாள். காரை நிறுத்தினால் எல்லோரும் தலைவாரிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஓடுகிற காரிலிருந்து எடுத்தால்தான் ஊர் ஊராக இருக்கும் என்பது அவள் கட்சி.

டான்யூப் ஆற்றங்கரையில் தூண்டிலைப் பிடித்தபடி தூங்குகிற கிழவர். கிளிக்.

தெருவோரம் அடுப்பு மூட்டிச் சிவப்புக் குடமிளகாய் சுடுகிற பெண்கள். கிளிக்.

“ஐயையோ, அங்கே பார்!”

பேக்கரி எதிரே ருமியானா. மரத்தில் ஒட்டியிருந்த அஞ்சலி நோட்டீஸை நகத்தால் சுரண்டிக் கிழித்துக்கொண்டிருந்தாள். நோட்டீஸில் இருந்த முகம் அவள் புருஷன் காமெனுடையது.

கிளிக்.

“செத்து நாற்பது நாள்கூட ஆகலையே!” ஸ்லாத்தினாவுக்கு மூச்சு வாங்கியது. “தலையில துக்கத்துக்குக் கட்டுற கறுப்புத் துணி இல்லை. சிவப்புச் சட்டை! உதட்டுச் சாயம் வேற!”

ஓக்னியானுக்கு ரத்தம் தலைக்கேறியது. காமெனும் அவனும் ஒரே சரக்குப் படகில் வியன்னா வரை போய் வந்தவர்கள். படகில் கயிறு அறுந்து அடித்துக் காமென் போய்ச் சேர்ந்ததும், ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியவன் ஓக்னியான்தான்.

“பசைகூடக் காயலைடி, அதுக்குள்ள எவனையோ பிடிச்சிட்டா!”

ஸ்லாத்தினா படத்தைக் குழுவில் போட்டாள். கீழே, ‘புருஷன் முகத்தைக் கிழிக்கும் புண்ணியவதி’ என்று எழுதினாள். முதல் சாபம் ஸ்பெயினிலிருந்து வந்தது, அடுத்தது பக்கத்துத் தெருவிலிருந்து. நரம்பில்லாத நாக்குக்குப் போனும் கிடைத்துவிட்டால் கேட்க வேண்டுமா?

ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தால், ருமியானா இப்போது பஸ் ஸ்டாப்பில் அடுத்த நோட்டீஸைக் கிழிக்கிறாள். ஓக்னியான் பிரேக்கை மிதித்தான்.

“ஏய் ருமியானா! வெட்கமா இல்ல? அவன் உனக்கு என்ன குறை வச்சான்?”

அவள் திரும்பினாள். நகக்கண்ணில் ரத்தம்.

“கத்தாதீங்க அண்ணா. இன்னும் எங்கெங்க ஒட்டியிருக்கீங்க, அதைச் சொல்லுங்க. அத்தை வராங்க.”

“வரட்டுமே! மருமக லட்சணத்தை அவங்களும் பார்க்கட்டும்.”

“அவங்களுக்குத் தெரியாதுண்ணா.”

“என்ன தெரியாது?”

“காமென் இல்லைங்கறது.”

ஓக்னியான் கார்க் கதவைத் திறந்து இறங்கினான்.

“அத்தைக்கு நெஞ்சுல ஆபரேஷன் நடந்த அன்னிக்குத்தான் இவர் போனார். இப்ப சொன்னா தாங்க மாட்டாங்க, கொஞ்சம் தேறட்டும், நானே வந்து பக்குவமா சொல்றேன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இவர் படகுல வியன்னா போயிருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப ஆம்புலன்ஸ் வந்துரும். நான் கறுப்புல நின்னா, யாருக்கு என்னன்னு கேட்க மாட்டாங்களா?”

ஸ்லாத்தினா குழுவில் போட்ட படத்தை அவசர அவசரமாக அழித்தாள். அப்போதுதான் மற்ற படங்கள் கண்ணில் பட்டன.

மிளகாய் சுடுகிற பெண்களுக்குப் பின்னால் மின்கம்பத்தில் காமென். தூங்குகிற கிழவருக்குப் பின்னால் சுவரில் காமென். காலையிலிருந்து எடுத்த படங்களிலெல்லாம் ஏதோ ஒரு மூலையில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒட்டியவனுக்கே பாதி இடம் மறந்து போயிருந்தது.

“ஏறும்மா வண்டியில!” என்றாள் ஸ்லாத்தினா.

படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு இடமாகக் காரை நிறுத்தினார்கள். மிளகாய் சுட்ட பெண்கள் ருமியானாவைக் கண்டதும் திட்ட வாயெடுத்தார்கள். விஷயம் தெரிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து அவர்களே சுரண்டினார்கள்.

ருமியானா வீட்டுக் கதவில் இருந்ததுதான் கடைசி. அதைக் கசக்கி ஓக்னியான் சட்டைக்குள் திணிக்கவும், தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பவும் சரியாக இருந்தது.

மாமியார் பென்கா நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மரத்தைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது.

“வாங்க அத்தை!” ருமியானா சிரித்தாள். “நேத்துதான் உங்க பிள்ளை போன் பண்ணினார். ஆத்துல தண்ணி குறைஞ்சு போச்சாம், வர்றதுக்கு நாளாகுமாம்.”

பென்கா மருமகளின் கையை எடுத்து அந்த நகங்களைத் தடவிப் பார்த்தாள்.

“இந்த நர்ஸ் பொண்ணும் நம்ம ஊர்தானாம். போன்ல ஒரு படத்தைப் பார்த்துத் திட்டிக்கிட்டே வந்தா. எவளோ செத்த புருஷன் நோட்டீஸைக் கிழிக்கிறாளாம். என்னன்னு நானும் வாங்கிப் பார்த்தேன்.”

ஸ்லாத்தினாவின் கையிலிருந்து போன் நழுவி விழுந்தது. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“‘வாயை மூடுடி, அது என் மருமக, எனக்காகக் கிழிக்கிறா’ன்னு சொன்னேன்.”

பென்கா தன் கட்டைவிரலால் மருமகளின் உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டாள்.

“போதும் மகளே. உள்ள போய்க் கறுப்புத் துணியைக் கட்டிக்க. எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா.”